பழைய உடுப்பில் புதிய உடுப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே கேட்டிருந்தன. வீட்டிற் கிடக்கும் பழைய உடுப்புகளைப் பிரித்து, பிள்ளைகளுக்கோ தமக்கோ வேறு உடுப்பாகத் தைப்பது எப்படி என்பதே அது. 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது ஏறிய துணி விலை இன்னமும் தங்களுக்கு எட்டாமலே இருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: என் கணவருடைய பருத்திச் சேட்டுகள் சில, கொலர் தேய்ந்த நிலையில் பெட்டிக்குள் கிடக்கின்றன. மற்றப் பகுதிகள் நன்றாக இருப்பதாகவே தெரிகிறது. நான்கு வயது மகளுக்கு இவற்றிற் சட்டை தைக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, தருமபுரம்

பதில்: கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னர், துணி எங்கே உயிரோடு இருக்கிறது, எங்கே முடிந்துபோயிற்று என்பதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பழைய உடுப்பில் தைப்பவர்களுடைய வேலையிற் பாதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். தையல் பிழைத்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். நைந்த இடத்தில் வெட்டிய சட்டையை எந்தத் தையலும் காப்பாற்றாது.

சேட்டிற் பொதுவாக முதலிற் போகும் இடங்கள் கொலரின் மடிப்பு, மணிக்கட்டுப் பட்டி, முழங்கை, அக்குள் ஆகியவை. முதுகின் நடுப்பகுதியும், காற்சட்டைக்குள் செருகப்படும் கீழ்ப்பகுதியும் கடைசி வரை நிற்கும். ஆனால் உங்கள் கணவர் வயலிலோ தோட்டத்திலோ வேலை செய்பவராயின் இந்தக் கணக்கு மாறிவிடும். குனிந்து வேலை செய்பவரின் முதுகிலும் தோளிலும்தான் நாள் முழுவதும் வெயில் விழுகிறது. வெயில் பருத்தி இழையைச் சிறுகச் சிறுக முறிக்கிறது, வியர்வை அதற்குத் துணைபோகிறது. அப்படிப்பட்ட சேட்டின் முதுகு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கையில் எடுத்து இழுத்தாற்றான் தெரியும். ஆகவே ஒவ்வொரு பகுதியையும் முதலில் யன்னல் வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கிடையே வெளிச்சம் சிதறலாக ஊடுருவும் இடங்களைச் சவர்க்காரத் துண்டால் வட்டமிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இரண்டு பெருவிரல்களையும் அருகருகே வைத்து, துணியை நெடுக்கிலும் குறுக்கிலும் அழுத்தி இழுங்கள். முறுகும் ஓசை கேட்டாலோ, இழைகள் விலகி நின்றுவிட்டாலோ அந்த இடம் உடுப்புக்கு உதவாது.

இந்தச் சோதனையின் முடிவில், கொலரைத் தவிர வேறெந்தக் குறையும் இல்லாத சேட்டு ஒன்றிரண்டு இருக்கக்கூடும். அவற்றை வெட்ட வேண்டாம். கொலரின் மேல்மடிப்பை, அது செருகப்பட்டிருக்கும் கழுத்துப் பட்டியிலிருந்து மட்டும் கவனமாகப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அதே துளை வரியிலே மீண்டும் தைத்துவிட்டால், தேய்ந்த பக்கம் மடிப்பின் அடியில் மறைந்துவிடும். அந்தச் சேட்டு உங்கள் கணவருக்கே இன்னும் நெடுநாள் உழைக்கும்.

மற்றவற்றில் மகளுக்குத் தைக்கலாம். வயதை வைத்து அளவு எடுக்காதீர்கள். பிள்ளையை நிறுத்தி மார்புச் சுற்றளவையும், தோளிலிருந்து முழங்கால் வரையான நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு மார்பளவு 22 அல்லது 23 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஓடி விளையாட 4 அங்குலம் தளர்வு சேர்த்து 27 அங்குலம் வேண்டும். அதாவது முன்பக்கத்துக்கு 13½ அங்குலமும், இரு ஓரத் தையல்களுக்கும் அரை அரை அங்குலமுமாக 14½ அங்குல அகலம் போதும். வளர்ந்த ஆணின் சேட்டு முதுகு 20 அங்குலத்துக்கு மேலேயே இருக்கும். எனவே சேட்டின் முதுகு பிள்ளையின் முன்பக்கமாகட்டும். சேட்டின் முன்பக்கம் இரண்டையும் தெறிகளைப் பூட்டியபடியே ஒரே துணியாக விரித்து வெட்டினால், பிள்ளையின் முதுகில் தெறி வைத்த திறப்பு தானாகவே அமைந்துவிடும். தெறித்துளை தைப்பதுதான் புதிதாகப் பழகுபவர்களை அதிகம் அலைக்கழிக்கும் வேலை. இந்த முறையில் அந்த வேலையே இல்லாமற் போகிறது. நீளத்தைப் பொறுத்தவரை, தோட்பட்டைக்குக் கீழே தொடங்கினாலும் முழங்கால் வரை வருவதற்குத் துணி தாராளமாக இருக்கும். கீழே சற்று விரிந்து செல்லும் வடிவில் வெட்டுங்கள்.

பொக்கெட் இருந்த இடத்தைப் பற்றியும் ஒரு சொல். பொக்கெட்டைப் பிரித்தெடுத்தால் அதன் அடியிலுள்ள துணி வெளிறாமல், மற்ற இடங்களைவிட அழுத்தமான நிறத்தில், சதுரமாகத் தெரியும். அதை மறைக்க வழியில்லை. ஆகவே பொக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்ட இடமுண்டா என்று பாருங்கள். இல்லையெனில் அந்த அடையாளத்தின் மேல் ஒரு பூவையோ வேறு நிறத் துணியையோ வைத்துத் தையுங்கள். கையின் மேற்பகுதியிற் குட்டைக் கைகளை வெட்டலாம். முழங்கைக்குக் கீழே மிஞ்சும் துணியை மூலைவிட்டத்திற் சரிவாக 1¼ அங்குலப் பட்டிகளாக வெட்டி இணைத்தால் கழுத்து வளைவுக்குக் கரை கட்டலாம். சரிவாக வெட்டிய துணி இழுபடும் என்பதால்தான் அது வளைவிற் சுருங்காமற் படிகிறது.

கேள்வி: பழைய துணியைத் தைத்தால், தையல் நன்றாக இருக்கிறது, ஆனால் தையலுக்குப் பக்கத்திலேயே துணி கிழிந்துவிடுகிறது. என்னிடம் இருப்பது காலால் மிதிக்கும் மெசின்.
— வாசகி, மல்லாவி

பதில்: உங்கள் மெசினில் குறையில்லை. பழைய துணியைவிட நூல் வலுவாக இருப்பதே காரணம். இழுவிசை வரும்போது எது பலவீனமோ அதுதான் விட்டுக்கொடுக்கும். தையல் விட்டுக்கொடுத்தால் அதைத் திரும்பத் தைத்துவிடலாம். துணி விட்டுக்கொடுத்தால் உடுப்பே போய்விடும். ஆகவே ஜீன்ஸ் தைக்கும் தடித்த நூலை இதற்குப் பயன்படுத்தாமல் மெல்லிய நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். ஊசியும் 11 ஆம் இலக்கமாக இருக்கட்டும். தையலின் நீளத்தை 3 மில்லிமீற்றர் அளவுக்குக் கூட்டுங்கள். நெருக்கமான தையல் உறுதியானது என்ற எண்ணம் புதுத் துணிக்குத்தான் பொருந்தும். நைந்த துணியில் நெருக்கமாக ஊசி இறங்கினால், கிழிப்பதற்கு நாமே துளைவரிசை போட்டுக் கொடுத்ததாகிவிடும். மேல்நூலின் இறுக்கத்தையும் சற்றுத் தளர்த்துங்கள்.

தோள், கைக்குழி, இடுப்பு ஆகிய இழுபடும் தையல்களுக்கு, உட்புறத்தில் நல்ல பருத்தித் துணியில் வெட்டிய அரை அங்குலப் பட்டியைச் சேர்த்துத் தைத்தால் பாரம் பட்டியில் இறங்கும். அந்தப் பட்டியை நெடுக்கிழை வழியே வெட்ட வேண்டும். பாவாக ஓடும் இந்த நெடுக்கிழைகள் பொதுவாக ஊடை எனும் குறுக்கிழைகளைவிட உறுதியானவை, இழுபடுவதும் குறைவு.

கேள்வி: அம்மாவிடம் கட்டாத சேலைகள் பல உள்ளன. அவற்றில் எனக்கும் தங்கைக்கும் சட்டை தைக்கக் கேட்டால், சேலையிற் கத்தரிக்கோல் படக்கூடாது என்று மறுத்துவிடுகிறார். இறுதி யுத்தத்தின்போது தனது கூறைச் சேலையை மண்மூடைக்காகத் தானே வெட்டியதாக ஒரு தடவை மட்டும் சொல்லியிருக்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
— வாசகி, விசுவமடு

பதில்: தங்கையே, சம்மதிக்க வைக்க முயல வேண்டாம் என்பதே என் முதற் பதில். 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில், முள்ளிவாய்க்கால் வரை நீண்ட அந்தக் கடற்கரை மணலில், பதுங்குகுழிகளைச் சுற்றி அடுக்குவதற்குப் பை இல்லாமல், வன்னியின் தாய்மார் தமது சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து மண் நிரப்பினார்கள். நூற்சேலை, பட்டுச்சேலை என்ற வேறுபாடு அங்கே இருக்கவில்லை. பிள்ளைகளைக் காப்பதற்குத் தம்மிடமிருந்த மிகச் சிறந்த துணியைக் கொடுத்தவர்கள் அவர்கள். உங்கள் தாயின் மறுப்பை வயதானவரின் பிடிவாதமாக எண்ணாதீர்கள். துணி அவருடையது, அதைப் பற்றிய முடிவும் அவருடையதே.

வெட்டாமலே செய்யக்கூடியவை உள்ளன. கொய்யகம் வரும் இடத்தில் கரை கிழிந்த சேலைக்கு, உட்புறத்தில் நான்கு அங்குலப் பட்டியைக் கையால் ஒட்டித் தைத்தால் அது திரும்பவும் கட்டத்தக்கதாகும். மென்மையான பழைய நூற்சேலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நீளத்தை நான்காக மடித்து, கைத்தையலால் ஒரு விரற்கடை இடைவெளியில் வரி வரியாக ஓட்டினால் மார்கழிக் குளிருக்கு நல்ல போர்வை கிடைக்கும். இதில் ஒரு சேலையும் வெட்டப்படுவதில்லை; நூலை உருவிவிட்டால் இரண்டும் முழுச் சேலையாகவே திரும்பக் கிடைக்கும். இதை முதலில் அம்மாவுடன் சேர்ந்து செய்யுங்கள். பட்டுச்சேலை ஏதும் மிஞ்சியிருந்தால் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது மடிப்பை மாற்றி வையுங்கள், ஏனெனிற் சரிகை ஓடும் பட்டு, மாறாத மடிப்பின் வழியேதான் வெடிக்கும்.

அவராகவே ஒரு சேலையை எடுத்துத் தரும் நாள் வந்தால், இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேலை ஏறத்தாழ 5½ மீற்றர் நீளமும் 45 அங்குல அகலமும் கொண்டது. இடுப்பில் முதலிற் செருகும் உள்முனை வெயில் காணாதது, நிறம் மாறாதது. தலைப்பு அழகானது, ஆனால் தோளில் வெயில் பட்டு வெளிறியிருக்கும். கொய்யகத்தின் அடியும் அமரும் இடமும் நைந்திருக்கும். வீட்டில் உடுக்கும் சோட்டி ஒன்றுக்கு 3 மீற்றர் போதுமாகையால், உள்முனையிலிருந்து தொடங்கி நைந்த பகுதிகளை விலக்கி வெட்ட இடமிருக்கும். சேலையின் கரை சட்டையின் கீழ் விளிம்பில் வர வேண்டுமென்றால், சட்டையின் நீளத்தைச் சேலையின் அகலவாட்டில் அமைக்க வேண்டும். அப்போது கிடைக்கும் நீளம் 45 அங்குலத்தைத் தாண்டாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: பாடசாலை வெள்ளைச் சட்டைகள் மஞ்சளித்துவிட்டன; மகளுக்குக் கட்டையாகவும் போய்விட்டன. எறியவும் மனமில்லை. எங்கள் கிணற்று நீரில் இரும்புக் கறையும் பிடிக்கிறது.
— வாசகி, நெடுங்கேணி

பதில்: முதலில் கறை. வெளுக்கும் திரவத்தை ஊற்றினால் இரும்புக் கறை நீங்குவதற்குப் பதிலாக இன்னும் இறுகிப்போகும். எலுமிச்சைச் சாற்றுடன் உப்புச் சேர்த்துக் கறையின் மேல் தடவி, வெயிலில் வைத்து, காய்வதற்குள் நன்றாக அலசுங்கள்; தேவையானால் திரும்பவும் செய்யுங்கள். சீருடைத் துணி பொலியெஸ்ரர் கலந்ததாக இருந்தால் வெளுக்கும் திரவம் அதை மேலும் மஞ்சளாக்கக்கூடும். சலவைச் சோடா கரைத்த சுடுநீரில் இரவு முழுவதும் ஊற விட்டு, வெயிலிற் காயப்போடுவதே பாதுகாப்பானது. வன்னியிற் பல இடங்களிற் கிணற்று நீர் கடினத்தன்மை உடையது. சவர்க்காரம் அந்த நீரிற் சரியாகக் கரையாமல் துணியிலேயே படிந்து வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கும். கடைசி அலசலுக்குச் சேர்த்துவைத்த மழைநீர் கிடைத்தால் வித்தியாசத்தைக் கண்ணாலேயே காண்பீர்கள்.

கீழ் மடிப்பை இறக்கும்போது, பழைய மடிப்பின் கோட்டை நன்றாகத் துவைத்து நீக்கிய பின்னரே இஸ்திரி போடுங்கள். அழுக்கோடு சூடு பட்டால் அந்தக் கோடு நிலைத்துவிடும். இறக்குவதற்கு மடிப்பே இல்லையென்றால் இடுப்பிற் பிரித்து, பட்டி வரும் இடத்தில் இரண்டு அங்குலத் துணியைச் செருகலாம். மேலே இடுப்புப் பட்டி மூடிவிடும். அந்தத் துணியும் அதே வெண்மையில் இருக்க வேண்டுமே என்பீர்கள். இதற்காகத்தான், 1993 முதல் வழங்கப்பட்டுவரும் இலவசச் சீருடைத் துணியில் வெட்டி மிஞ்சும் துண்டுகளைப் பெட்டிக்குள் வைக்காமல், சட்டையோடு சேர்த்தே ஒவ்வொரு முறையும் துவைத்து வாருங்கள் என்று நான் தாய்மாரிடம் சொல்வதுண்டு. துண்டும் சட்டையும் ஒன்றாகவே வயதாகும்.

மகளுக்கு இனி எவ்விதத்திலும் போதாத சட்டையின் பாவாடைப் பகுதியில், இளையவனுக்கு ஒரு வெள்ளைச் சேட்டு வெட்டலாம். மடிப்புகளைப் பிரித்து விரித்தால் அதில் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகத் துணி இருக்கும்.

கேள்வி: நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் ஒரே தையலைத்தான் தைக்கிறேன். ஒரு முழு உடுப்பை முதலிலிருந்து முடிவு வரை தைக்கத் தெரியாது. எங்கேயாவது வகுப்புக்குப் போக வேண்டுமா?
— வாசகி, வவுனியா

பதில்: வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தொழிற்சாலைகள் வந்த பிறகு, மணிக்கு எத்தனையோ கொலர்களைப் பிழையின்றித் தைக்கும் கைகள் நம்மிடையே பெருகியிருக்கின்றன, ஆனால் வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் முழு உடுப்பு அந்தக் கைகளுக்கு எட்டாமலே இருந்துவிடுகிறது. உங்களுக்கு வகுப்பு அவசியமில்லை. உங்களுக்கு அளவாக இருந்து, உழைத்து முடிந்த ஒரு சட்டையே போதும்.

அந்தச் சட்டையை ஒரு ஓய்வு நாளில் முற்றாகப் பிரியுங்கள். துணியை இழுத்துக் கிழிக்காமல், மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாகப் பிளேட்டால் வெட்டி, மறுபுறத்து நூலை உருவினால் தையல் முழுவதும் கழன்று வரும். எதை எதற்குப் பின் பிரித்தீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கீழ் மடிப்பு, கை, ஓரம், கொலர், தோள் என்று நீங்கள் எழுதிய வரிசையைக் கீழிருந்து மேலாக வாசித்தால், அதுவே அந்தச் சட்டையைத் தைக்க வேண்டிய ஒழுங்கு. பிரித்த துண்டுகளை நீர் தெளித்து, இழுக்காமல் இஸ்திரி போட்டு, பழைய பத்திரிகைத் தாளில் வைத்துக் கோடு கீறுங்கள். தையலுக்கு விட்ட இடம் துண்டுகளிலேயே இருப்பதால் அதைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். தொழிற்சாலை உடுப்புகளில் ஓரத்தை, விளிம்பை வெட்டியபடியே தைக்கும் ஓவர்லொக் மெசின் நெருக்கமாக வெட்டியிருந்தால் மட்டும் கால் அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் நெடுக்கிழையின் திசையை அம்புக்குறியாக இட மறக்காதீர்கள். முதற் சட்டையைப் பழைய படுக்கை விரிப்பில் தைத்துப் பாருங்கள். அது உங்கள் உடம்புக்குச் சரியாக வந்த பின்னர் வேறு துணியிற் கைவையுங்கள்.

ஒரு செயலைப் பிழையின்றிச் செய்யப் பழகிய கைக்கு மற்றச் செயல்கள் விரைவில் வந்துவிடும். உங்களிடம் இருக்கும் திறமையைக் குறைத்து எண்ண வேண்டாம்.

கேள்வி: கனடாவிலிருந்து உறவினர்கள் பெட்டி பெட்டியாக உடுப்பு அனுப்புகிறார்கள். பாதிக்கு மேல் குளிர் நாட்டு உடுப்புகள். இங்குள்ள வெயிலில் அவற்றை என்ன செய்வது?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் துணி வகையைப் பிரித்தறிய வேண்டும். துணி வகை எழுதிய உட்புறச் சீட்டு கிழிந்திருந்தால், மறைவான ஓரத்திலிருந்து சில இழைகளை உருவி, இடுக்கியிற் பிடித்து, மண் தட்டின் மேலே நெருப்புக் காட்டிப் பாருங்கள். பருத்தி தாள் எரிவதைப் போல எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளி மயிர் கருகும் மணத்தோடு சுருண்டு தானே அணைய முயலும். பொலியெஸ்ரர் உருகி, ஆறியதும் கடினமான மணியாகும்.

கட்டம் போட்ட தடித்த பருத்திச் சேட்டுகளே இந்தப் பெட்டிகளில் உள்ள மிக நல்ல பொருள். அவை பலமுறை துவைக்கப்பட்டு மென்மையானவை. கார்த்திகை, மார்கழி மழை நாட்களில் கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மேற்சட்டையாக அவற்றைச் சிறிதாக்குங்கள். ஜீன்ஸ் பெரும்பாலும் உட்தொடையிலும் முழங்காலிலும்தான் போகும். முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் துணி புதிதுபோல இருக்கும். இரண்டு கால்களின் அந்தப் பகுதிகளைச் சேர்த்தால் சிறுவனுக்கு ஒரு கட்டைக் காற்சட்டை வரும். அதற்கு 16 ஆம் இலக்க ஊசி வேண்டும். நான்கு மடிப்பு சேரும் இடங்களில் காலால் மிதிப்பதை நிறுத்தி, சக்கரத்தைக் கையாற் சுற்றியே ஊசியை இறக்குங்கள்.

ரீசேட்டுகள் பெரியவையாக இருந்தால் சிறு பிள்ளைகளுக்கு உட்சட்டையும் உள்ளாடையும் வெட்டலாம்; பழைய பின்னற்துணியைப் போல உடம்பை உறுத்தாத துணி கடையில் கிடைப்பதரிது. நேர்த்தையல் மட்டுமே போடும் மெசினில் இத்துணியைத் தைக்கும்போது சற்று இழுத்துப் பிடித்தே தைக்க வேண்டும், இல்லையேல் உடுத்த முதல் நாளே தையல் அறும். முனை மழுங்கிய ஊசி பின்னற்துணிக்கென்றே விற்கப்படுகிறது; அதைப் பயன்படுத்தினால் இழை அறுந்து ஓட்டை விழாது.

கம்பளிப் பின்னற் சட்டைகளை வெட்டாதீர்கள். வெட்டிய இடத்தில் கழன்றுகொண்டே போகும். ஓரத் தையலைப் பிரித்து நூலை முழுவதுமாக உருவி, சிட்டமாகச் சுற்றி, நனைத்து, கீழே சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நீங்கிவிடும். பச்சைக் குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் பின்ன அது நல்ல நூல். ஓரங்கள் ஓவர்லொக்கினால் வெட்டித் தைக்கப்பட்டவையாயின் நூல் துண்டு துண்டாகவே வரும். அவற்றை அப்படியே உடுக்கத் தேவையுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். பஞ்சு அடைத்த தடித்த மேலங்கிகளில் நமக்குப் பயன்படுவது சிப்பும் தெறிகளும்தான்.

கேள்வி: வெளிறிய பருத்தி உடுப்புகளுக்கு வீட்டிற் சாயம் ஏற்றிய பிறகு தைப்பதா, தைத்த பிறகு சாயம் ஏற்றுவதா?
— வாசகி, அடம்பன், மன்னார்

பதில்: பிரித்து, துவைத்து, சாயம் ஏற்றி, அதன் பிறகே வெட்டுங்கள். சுடுநீரில் துணி சுருங்கினால் வெட்டிய அளவு பிழைத்துவிடும் என்பது ஒரு காரணம். மற்றையது நூல்: கடைகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் பொலியெஸ்ரர் நூல், பருத்திக்கான சாயம் அதிற் பற்றாது. தைத்த உடுப்பை அப்படியே சாயத்தில் அமிழ்த்தினால் தையல்கள் எல்லாம் பழைய நிறத்திலேயே துலங்கித் தெரியும்.

சாயம் பழைய நிறத்தின் மேல்தான் ஏறும்; அதை அழிக்காது. மஞ்சளில் நீலம் ஏற்றினால் பச்சைதான் வரும். எண்ணெய்க் கறை இருந்த இடம் சாயத்துக்குப் பிறகும் தெரியும். ஆகவே அழுத்தமான நிறத்தையே தெரிவு செய்து, துணி தாராளமாக மிதக்கும் அளவு நீரில், உப்புச் சேர்த்து, இடைவிடாது கிளறி ஏற்றுங்கள். மஞ்சட்தூள் நிறம் வெயிலில் விரைவில் வெளிறும். தேயிலைச் சாயம் வெள்ளையைச் சந்தன நிறமாக்குவதற்கு மட்டும் நல்லது.

உங்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு காலத்திற் சாயவேர் தோண்டும் தொழில் பெரிதாக இருந்தது; ஒல்லாந்தர் அதைத் தம் ஆட்சியின் கட்டுப்பாட்டிலேயே வைத்திருந்தார்கள். அந்த வேரின் சிவப்பு பருத்தியிற் பற்றுவதற்கும் படிகாரம் ஊட்ட வேண்டியிருந்தது. எந்தச் சாயமாயினும் துணியை முன்கூட்டி ஆயத்தப்படுத்தாவிட்டால் முதற் துவைப்பிலேயே கழன்றுவிடும். கஞ்சியும் பழைய சவர்க்காரப் படிவும் நீங்கும்வரை துவைப்பதே உங்கள் வேலையின் தொடக்கம்.

கேள்வி: நல்ல கைத்தறிச் சாரம் ஒன்று ஓரிடத்தில் நீளமாகக் கிழிந்துவிட்டது. இதற்கு வழியுண்டா?
— வாசகர், மாங்குளம்

பதில்: உண்டு ஐயா. மூட்டுத் தையலைப் பிரித்து, கிழிந்த பகுதியை மேலிருந்து கீழாக ஒரு பட்டியாக வெட்டி நீக்கி, திரும்ப மூட்டுங்கள். சுற்றளவு 70 அங்குலத்துக்குக் குறைந்தால் நடப்பதற்கு இடையூறாகும். அப்போது பேரப் பிள்ளைகளுக்குக் காற்சட்டை வெட்டலாம். கைத்தறிச் சாரம் சாயமேற்றிய நூலில் நெய்யப்பட்டதாகையால் இருபுறமும் ஒன்றே. வெளிப்புறம் வெளிறியிருந்தால் உட்புறத்தைத் திருப்பித் தையுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பழைய உடுப்பில் தைத்துக் கொடுத்தாற் போட மறுக்கிறாள். நண்பிகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிறாள். என்ன சொல்லிப் புரிய வைப்பது?
— வாசகி, அக்கராயன்

பதில்: புத்தி சொல்லிப் பயனில்லை, அந்த வயதில் அவளுடைய கூச்சம் உண்மையானது. அதை மதித்துக்கொண்டுதான் தைக்க வேண்டும்.

உடுப்புப் பழையது என்று காட்டிக்கொடுப்பவை என்னென்ன என்று பாருங்கள்: பழைய தையலின் துளைவரி, வெளிறாத பொக்கெட் அடையாளம், ஒன்றுக்கொன்று பொருந்தாத தெறிகள், நீட்டிய கரையின் கோடு, இஸ்திரி படாத உட்தையல். இவை ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டால் கண்டுபிடிப்பதற்கு எதுவும் இருக்காது. பருத்தியிற் துளைவரியை நனைத்து, நகத்தால் நெடுக்கிலும் குறுக்கிலும் வருடி, ஈரத்தோடு இஸ்திரி போட்டால் இழைகள் பெரும்பாலும் கூடிவிடும். தெறிகளை ஒரே தொகுதியாக மாற்றுங்கள். ஒரு சேட்டிற் கழற்றிய தெறிகளை ஒரே நூலிற் கோத்து வைத்திருந்தால் இதற்குக் கைகொடுக்கும். ஒவ்வொரு தையலையும் தைத்த உடனேயே விரித்து இஸ்திரி போடுங்கள், எல்லாவற்றையும் கடைசியிற் சேர்த்துப் போடலாம் என்று விடாதீர்கள். கடைச் சட்டைக்கும் வீட்டுச் சட்டைக்கும் உள்ள வித்தியாசத்திற் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

துணியையும் வடிவத்தையும் அவளே தெரிவு செய்யட்டும். அவள் வயதுக்கு முழுச் சட்டையைவிட, சேலைத் துணியில் மடிப்பு வைத்த நீளப் பாவாடை எளிதில் ஏற்றுக்கொள்ளப்படும். இடுப்பில் இலாஸ்ரிக் வைத்தால் இரண்டு மூன்று வருடங்களுக்கும் போதும். அதை அவளே உங்கள் மெசினில் மூட்டிப் பார்க்க இடம் கொடுங்கள். வீட்டுக்கு வரும் உறவினர் முன்னிலையில், இது அம்மம்மாவின் பழைய சேலை என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சொல்வதா இல்லையா என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.